"பார்த்துப் போங்க" என்று சொல்லக் கூடாத அரண்மனை

மருதங்காட்டுச் சீமையைச் சித்திரசேனன் என்று ஒரு ராஜா ஆண்ட காலம் இருந்தது. ரொம்ப நாளைக்கு முன்னால். அந்த அரண்மனையில் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவள் பேர் வடிவாம்பாள். முதலில் ராணியம்மாவுக்கு மடித்துக் கொடுத்தாள். ராணி கண்ணை மூடிய பிறகு ராஜாவுக்கு மடித்துக் கொடுத்தாள். அவளுக்கு எப்போதும் ஒரே பயம்: எதையாவது சொல்லப் போய்த் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. "வெற்றிலை கொண்டாந்திருக்கேன்" என்பதைக்கூட வாசலில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அப்படிப்பட்டவள் இருக்கிற அரண்மனையில் ராஜா ஒரு சட்டம் போட்டார்.

ராணி போனதிலிருந்தே அவருக்கு மனிதர்கள் பேசுவது பிடிக்கவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இல்லேன்னா நீ ஊட்டிவிடப் போறியா?" என்பார். ஈரத்தலையோடு வரும்போது ஒருவன் "குளிச்சாச்சா மகாராஜா?" என்றான். அவனைக் குளத்தில் தள்ளச் சொன்னார். "சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்த தளபதியிடம், "நினைச்சாச்சு, போ" என்றார். எல்லாவற்றையும்விட, குதிரை ஏறும்போது யாராவது "பார்த்துப் போங்க" என்றால் போதும், முகம் சிவந்துவிடும்.

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா போறேன்?"

கடைசியில் முரசு அறைந்துவிட்டார்கள். அரண்மனைக்குள் அர்த்தமில்லாத வார்த்தை பேசுகிறவர்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது.

இந்த யோசனையைக் கொடுத்தவர் ஆஸ்தானப் புலவர் நாவலங்காரர். அவருக்கு வடிவாம்பாள் மேல் ஒரு புகைச்சல். தன் பாட்டுக்குக் கொட்டாவி விடுகிற ராஜா, இந்த வெற்றிலைக்காரி ராணியைப் பற்றி ஏதாவது சொன்னால் மட்டும் காது கொடுத்துக் கேட்கிறாரே என்று. பயந்தவள் எப்படியும் ஒருநாள் உளறுவாள் என்று தூணுக்குத் தூண் ஒளிந்து காத்திருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் ராஜா படி இறங்கினார். படியெல்லாம் பாசி. வடிவாம்பாளின் வாய் முந்திக்கொண்டது.

"பார்த்து, மகாராஜா."

தூணுக்குப் பின்னாலிருந்து புலவர் வெளியே வந்தார். "செவியுற்றீரா வேந்தே? தங்கள் ஆணையை இவள் காலில் போட்டு மிதித்துவிட்டாள்."

ராஜா திரும்பினார். "ஏன் வடிவு, நான் குருடனா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குச் சொன்னே? அர்த்தம் சொல்லு. இல்லேன்னா கிளம்பு."

வடிவாம்பாள் சொல்லப் போவதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக ராணியின் பல்லக்குக்குப் பின்னால் நடந்து வந்தவள். இந்த அரண்மனையை விட்டால் போய்த் தட்டுவதற்கு அவளுக்கு ஒரு கதவு கிடையாது.

"இப்பச் சொல்லத் தெரியலீங்க. நாளைக்குச் சபையில சொல்றேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். சட்டம் எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். புலவருக்கும்."

"அடியேனுக்கு என்ன தடை?" என்று புலவர் சிரித்தார்.

மறுநாள் சபை கூடியது. வழக்கம்போல நாவலங்காரர் எழுந்து, "மன்னர் மன்னவா, வாழ்க நின் கொற்றம். நின் கால்தூசுக்கும் ஈடாகேன். நினக்காக என் இன்னுயிரையும் ஈவேன்" என்று முழங்கிவிட்டு உட்காரப் போனார்.

"மகாராஜா," என்றாள் வடிவாம்பாள். "ஐயா இதைத் தினமும் சொல்றாரு. அர்த்தத்தோடதானே சொல்றாரு?"

"அதிலென்ன ஐயம்?" என்றார் புலவர்.

"ஐயமெல்லாம் இல்லீங்க. லாயத்துக்குப் புதுசா ஒரு கறுப்புக் குதிரை வந்திருக்கு. ஏறுன ஆளையெல்லாம் தள்ளிவிடுதாம். இன்னிக்கு மகாராஜா அதுலதான் போகப் போறாங்க. உசுரையே குடுக்கிறவங்க முதல்ல ஏறிப் பார்த்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

ராஜா மீசைக்குள் சிரித்தார். "கொண்டாங்க குதிரையை."

முற்றத்தில் குதிரையைப் பார்த்ததும் புலவரின் செந்தமிழ் போன இடம் தெரியவில்லை. "ஐயய்யோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க மகாராஜா."

"பேச்சுக்கா? அப்போ அர்த்தம் இல்லை. குதிரையா, ஆறா? நீரே சொல்லும்."

புலவர் குதிரைப் பக்கம் நகர்ந்தார். லாயக்காரர்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, அங்கவடியில் ஒரு காலை வைத்தார். குதிரை சிலிர்த்தது. தளபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. புலவரின் கால் வழுக்கியது.

"பார்த்து ஐயா, பார்த்து."

வடிவாம்பாள்தான். கையும் தானாக நீண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் புலவர் தரைக்கு வந்தார்.

சிரிப்பு நின்றுபோனது. ராஜா அவள் பக்கத்தில் வந்தார். "வடிவு, உன்னை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்த மனுஷன். இவருக்கு எதுக்குச் சொன்னே?"

"யோசிச்சுச் சொல்லலீங்க. விழுந்துடுவாரோன்னு இருந்துச்சு, வாயில வந்துடுச்சு." கொஞ்சம் தயங்கினாள். "ராணியம்மாவும் அப்படித்தான். நீங்க குதிரை ஏறறப்போ சொல்லுவாங்க. நீங்க சிடுசிடுன்னு போயிடுவீங்க. அதுக்கப்புறம் அவங்க உட்கார மாட்டாங்க. நான் வெற்றிலையை நீட்டினா வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே மாடத்துல நிப்பாங்க. திரும்பி வர்ற குளம்புச் சத்தம் கேட்டப்புறம்தான் வாயில போடுவாங்க. அதுக்குள்ள அது வாடிப்போயிருக்கும்."

ராஜா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"வாடின வெற்றிலையையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க. புதுசு மடிச்சுத் தரேன்னாலும் வேண்டாம்னுடுவாங்க."

சட்டம் அன்றைக்கே போனது. நாவலங்காரரை ஆற்றைத் தாண்ட விடவில்லை. சபைக்கு வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நின்று "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற வேலை அவருக்கு. இல்லை என்று சொன்னவருக்கு அவரே இலை போட்டுப் பரிமாற வேண்டும். வடிவாம்பாளுக்கு ராணியின் வெள்ளி வெற்றிலைச் செல்லப்பெட்டி கிடைத்தது.

ஆனால் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ராஜா மனசு இன்றைக்கு இப்படி, நாளைக்கு எப்படியோ. அதனால் சபைக்குள் நுழையும் முன்பே ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொள்வாள். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினால் போதும். ராஜா குதிரை ஏறக் கிளம்பும்போது மட்டும் ஓரமாகப் போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பாள்.

"பார்த்துப் போங்க."

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா போறேன்?" என்பார் ராஜா. ஆனால் அவள் வந்து அதைச் சொல்லும்வரை குதிரையை நகர்த்த மாட்டார்.