காற்றை ருசி பார்த்த பிரதானி

கொன்றையூர் மன்னர் இரணசூர பூபதிக்கு எதிரிப் படை என்றால் பயமில்லை. இருமல் என்றால்தான் பயம். ஆடி மாதம் மேல்காற்று கிளம்பியதும் அரண்மனைக்குள் புகை வந்து அப்பிக்கொள்ளும். "யாரங்கே!" என்று கூப்பிட மன்னர் வாயைத் திறப்பார். லொக் லொக்கென்று இருமல்தான் வரும். காவலன் உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்று முழிப்பான்.

புகை எங்கிருந்து வருகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு மேற்கே பெரிய புளியந்தோப்பு இருந்தது. மன்னரின் முதல் மந்திரியான பிரதானி வைரவநாதர் அதை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே வரிசையாகச் சுண்ணாம்பு சுடும் காளவாய்களைப் போட்டார். வெட்டிய மரத்தையே அவற்றுக்கு விறகாக்கினார். ஊரெல்லாம் மாளிகை எழும்பப் போகிறது என்று தண்டோரா வேறு. இதுவரை எழும்பியது என்னவோ பிரதானியின் மாளிகை மட்டும்தான். அதுவும் தெற்கே, புகை எட்டிக்கூடப் பார்க்காத மலையடிவாரத்தில்.

"புகைக்கு யார் காரணம்?" என்று சபையில் மன்னர் கேட்டார்.

"செக்கடித் தெருக்காரர்கள்தான் மகாராஜா," என்றார் பிரதானி, கூசாமல். "காலையும் மாலையும் அடுப்பு மூட்டுகிறார்கள். அப்படி என்னத்தைத்தான் ஆக்கித் தின்கிறார்களோ!"

"நாளை முதல் அந்தத் தெருவில் அடுப்பு எரியக் கூடாது!" என்று சொல்லிவிட்டு மன்னர் மறுபடி இருமப் போய்விட்டார்.

சபையில் மருதக்குட்டி என்று ஒருவன் இருந்தான். மன்னரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அவன் வீடு இருந்ததும் அதே செக்கடித் தெருவில்தான்.

மறுநாள் காலையில் மனைவி செங்கமலம் அவன் முன்னால் நனைத்த அவலைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள்.

"பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் வெந்நீருக்குத் தவியாய்த் தவிக்கிறாள். தெருவே பட்டினி. உங்க ராஜாவைச் சிரிக்கவைச்சது போதும். கொஞ்சம் யோசிக்கவைச்சுட்டு வாங்க. அடுப்பு எரியாம இந்த வீட்டுப் படி ஏறாதீங்க!"

மருதக்குட்டிக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. அவலைத் தொடாமல் கிளம்பிவிட்டான்.

அவன் போனபோது மன்னருக்குச் சாப்பாட்டு நேரம். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். உணவில் எவனாவது விஷம் வைத்துவிட்டால்? அதனால் மன்னருக்கு வருகிற எதையும் பிரதானி முதலில் ருசி பார்க்கவேண்டும். ஒரு கவளம் போதும். வைரவநாதரோ ராஜவிசுவாசம் மிகுந்தவர். பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் தீரும்.

மருதக்குட்டி ஓடிவந்து மன்னர் காலில் விழுந்தான்.

"மகாராஜா! உங்கள் உயிருக்கு ஆபத்து!"

"என்னடா உளறுகிறாய்?"

"நீங்கள் சாப்பிடுவதை முதலில் ருசி பார்ப்பது யார்?"

"பிரதானி."

"குடிக்கிற தண்ணீரை?"

"அதுவும் பிரதானிதான்."

"சுவாசிக்கிற காற்றை?"

மன்னர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம். மூச்சைத் தள்ளிப்போட முடியுமா மகாராஜா? எதிரி காற்றில் விஷத்தைக் கலந்துவிட்டால் நம் கதி?"

மன்னரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. "அடப்பாவி! இத்தனை நாளும் சோதிக்காத காற்றையா உள்ளே இழுத்தேன்? பிரதானி!"

வைரவநாதர் வாயில் இருந்த வடையை அவசரமாக விழுங்கினார்.

"இப்போது வீசுவது மேல்காற்று," என்றான் மருதக்குட்டி. "அது ஊருக்குள் நுழைகிற இடத்தில், காளவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு பரண் கட்டிவிடலாம். பிரதானி அதில் உட்கார்ந்து மூக்கால் ருசி பார்க்கட்டும். மன்னருக்காக இதுகூடவா செய்யமாட்டார்?"

மன்னர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிரதானி பரண் ஏறினார்.

சாயங்காலம் மன்னர் பார்க்கப் போனார். பரண் மேல் பிரதானி வெள்ளையடித்த சுவராக உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் மிளகாய்ப்பழச் சிவப்பு.

"காற்றில் விஷம் இருக்கிறதா?"

இருக்கிறது என்றால் காளவாய் யாருடையது என்ற கேள்வி வரும். பிரதானி இருமலை அடக்கிக்கொண்டு, "அமிர்தம், மகாராஜா!" என்றார். "இறங்கட்டுமா?"

"அதெப்படி?" என்றான் மருதக்குட்டி. "மன்னர் மூச்சு விடுவதை நிறுத்தட்டும், அப்புறம் இறங்கலாம்."

"மருதக்குட்டி!" என்று மன்னர் உறுமினார்.

"நிறுத்தவே கூடாது என்கிறேன் மகாராஜா! நீங்கள் தூங்கும்போதும் மூச்சு விடுவீர்கள். ஆகவே பிரதானிக்குப் பகலும் இங்கேதான், ராத்திரியும் இங்கேதான்."

அந்த நேரம் பார்த்து காளவாயிலிருந்து ஒரு பெரும்புகை வந்து பரணை மூடியது. உள்ளேயிருந்து அலறல் மட்டும் கேட்டது.

"விஷம் மகாராஜா! அத்தனையும் விஷம்! என் காளவாய்தான்! செக்கடித் தெரு அடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! நாளைக்கே இதையெல்லாம் கிழக்கே மாற்றிவிடுகிறேன்!"

"தாராளமாக," என்றான் மருதக்குட்டி. "ஐப்பசியில் கீழ்காற்று வரும். பரணையும் கிழக்கே மாற்றிவிடலாம்."

"ஐயையோ! வேண்டாம்! வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகிறேன்! இங்கே பழையபடி தோப்பு வைத்துத் தருகிறேன்!"

மன்னருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கேயே நின்றபடி அடுப்புத் தடையை நீக்கினார். சேதியோடு ஆள் செக்கடித் தெருவுக்கு ஓடினான்.

"மருதக்குட்டி, உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. பாவம், பிரதானிதான் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார். ஏரிக்கரையில், புதுக் காளவாய்க்கு எதிரே அவருக்கு ஒரு மாளிகை கொடுங்கள். குடும்பத்தோடு அங்கேயே இருக்கட்டும்."

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார். "கொடுத்தோம். காளவாய்க்கும் மாளிகைக்கும் நடுவே மரம் வைக்கவேண்டுமே. ஒரு வரிசை போதுமா?"

மருதக்குட்டி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பரணிலிருந்து பிரதானி தொப்பென்று குதித்தார்.

"ஒரு வரிசையா? காடே வைக்கலாம் மகாராஜா! மண்வெட்டி எங்கே? முதல் குழியை நானே வெட்டுகிறேன்!"