ராஜாவைக் கீழே தள்ளிய இருக்கை

செங்கழுநீர்ப்பட்டணத்து ராஜா விசயமாறன் ஒருநாள் குளக்கரையில் காற்று வாங்கப் போனார். ஜனங்களுக்காகப் போட்டிருந்த மர இருக்கை தங்கம்போல மினுங்கியது. ஆசையாக உட்கார்ந்தார். மடார்! ராஜா மல்லாந்து கிடந்தார். சிரிக்கக் கூடாதே என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

"தச்சன் ஏமாற்றிவிட்டான், பிரபு!" என்று முந்திக்கொண்டார் மராமத்து அதிகாரி தாண்டவராயர்.

தச்சர் உலகநாத ஆசாரி முன்னே வந்து கும்பிட்டார். "மகராசா, நான் தேக்குதான் கேட்டேன். சீக்கிரம் இத்துப்போற இலவமரத்துல செஞ்சு பொன் வர்ணம் பூசச் சொன்னது இவுகதான்!"

ராஜா கேட்கவில்லை. "என் சிம்மாசனமும் மரம்தான். அறுபது வருஷமாக அசையவில்லை. நான் வேட்டையிலிருந்து திரும்புவதற்குள் அதைப்போல உழைக்கும் இருக்கை இங்கே வேண்டும். இல்லாவிட்டால் நீ குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போ!"

அரண்மனை விகடர் ஆவுடையப்பன் குனிந்து கேட்டார்: "ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதை நான் எடுத்துக்கொள்ளலாமா, அரசே?"

"எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்!"

ஐப்பசி மழை பத்து நாள் கொட்டித் தீர்த்தது. ராஜா திரும்பினார். சபையில் சிம்மாசனத்தைக் காணோம்! குளக்கரைக்கு ஓடினார். அங்கே அது மழையில் ஊறி, வர்ணம் உரிந்து, ஒரு கால் ஆட நின்றது. பட்டு மெத்தையில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோட்டது.

"அடப்பாவி ஆவுடையப்பா! என்ன காரியம் செய்தாய்?"

"ஒப்பிட்டேன், அரசே. உள்ளே இதைத் தினமும் இரண்டு பேர் துடைக்கிறார்கள். வெளியே பத்து நாள்கூடத் தாங்கவில்லையே!"

ராஜா தலையில் கை வைத்தபடி, பக்கத்திலிருந்த பழைய பலகை இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார். அது கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை.

"இது யார் செய்தது?"

"நீங்கள் விரட்டப்போகும் ஆசாரிதான். தன் பட்டறை வாசலுக்காகச் செய்தார்; ஒப்பிட நான் இங்கே கொண்டுவந்தேன். எட்டு மழைக்காலம் பார்த்த தேக்கு. தண்ணீர் வடியப் பலகைக்குப் பலகை இடைவெளி. காலுக்கு அடியில் கல். வருஷம் ஒருமுறை எண்ணெய்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஓரமாக நின்ற ஆசாரியை அழைத்தார். "ஆசாரி, ஊர் முழுக்க இதேபோலச் செய்யும்! ஆனால் ஆவுடையப்பா, இத்தனையையும் யார் கவனித்துக்கொள்வது?"

"தாண்டவராயர்தான். அவர் அலுவல் பார்க்கும் கச்சேரி அறையைப் பூட்டிவிடுங்கள். தினம் ஒரு தெருவில், அங்கே போட்ட இருக்கையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கட்டும்."

"அதனால்?"

"எங்கே ஆணி கிளம்பினாலும் முதல் தகவல் அவருக்கே போய்ச் சேரும், அரசே!"

ராஜா சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டு சிம்மாசனத்தைவிட்டு இறங்கியது.