படையலுக்குச் சிக்கன் ப்ரைடு ரைஸ்

சாயப்பட்டறைத் தெரு முடிகிற முக்கில் சேசுராஜின் தள்ளுவண்டி நிற்கும். மலேசியாவில், ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனவர், வாணலி பிடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. கிழவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு மதியம் அவர் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தபோது ஒச்சம்மா வந்து நின்றாள். அவளுடைய ஒரே மகன் விமல்ராஜ் சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்து, ஒரு மாதம் நிறையப் போகிறது. உயிரோடு இருந்தவரை ஒரு முகமூடி வாங்கிக் கொடுக்காத முதலாளி, பிணத்துக்கு ரோஜா மாலை கொடுத்தனுப்பியிருந்தார். விபத்து என்றார்கள். இறங்கு என்று சொன்ன வாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

"மாஸ்டர், எனக்குச் சிக்கன் ப்ரைடு ரைஸ் போடச் சொல்லிக் குடுங்க."

"உக்காருங்கம்மா. சாயந்தரம் ஒரு பிளேட் போட்டுத் தாரேன்."

"திங்கிறதுக்கு இல்ல. படைக்கிறதுக்கு."

மாஸ்டரின் கத்தி நின்றது.

"முப்பதாம் நாள் வருது. பிடிச்சதை இலையில வைக்கணும்ல. தினமும் உங்ககிட்டத்தான தின்னுட்டு வருவான். வீட்ல என் சோத்தை அளைஞ்சுட்டுக் கையைக் கழுவிருவான். நானும் விடமாட்டேன். ஏன்டா தின்ன மாட்டேங்கிற, எவ சோத்துல மருந்து வச்சு மயக்கிட்டான்னு கத்துவேன். சிரிப்பான்."

"நானே போட்டுக் கொண்டாந்து தாரேம்மா."

"நீங்க போட்டதை அவன் உசிரோட இருக்கப்பவே தின்னுட்டான். இது என் கையால இருக்கணும்."

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"வீட்ல போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். களியாப் போச்சு."

"சோறு எப்ப வடிச்சது?"

"அப்பத்தான். ஆவி பறக்க அள்ளிப் போட்டேன்."

"அதான். முந்தின நாளே வடிச்சு, தட்டுல பரப்பி, ஆறப்போட்டு வச்ச சோறு வேணும்."

ஒச்சம்மா முகம் மாறியது.

"பழைய சோறா? செத்தவனுக்கு யாராச்சும் பழைய சோறு படைப்பாங்களா? எங்க பெரிய மச்சான் காதுல விழுந்தா இலையைத் தூக்கி எறிஞ்சிருவாரு."

உயிரோடு ஒருவனைத் தொட்டியில் இறக்கினால் எந்தச் சட்டமும் வந்து கேட்காத ஊர் அது. செத்தவன் இலைக்கு ஆயிரம் சட்டம் இருந்தது.

"சுடுசோறு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா," என்றார் மாஸ்டர். "ஆறினாத்தான் உதிரும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அவன் தின்னது அதுதான்னா அதையே வைக்கிறேன். மச்சான் எறியட்டும். நான் பொறுக்கி வைக்கிறேன்."

மறுநாளிலிருந்து வந்தாள். மாஸ்டர் வண்டிக்குப் பின்னால் இடம் விட்டார். கோழியை எலும்பில்லாமல் சின்னதாக நறுக்கி, மிளகும் சோளமாவும் பிசறிப் பொரித்துக் காட்டினார். வாணலி புகையும்வரை எண்ணெய் விடாதீர்கள் என்றார். முட்டையைக் கிளறி ஒதுக்கச் சொன்னார். அவள் மஞ்சள்தூளைத் தேடியபோது கையைத் தட்டிவிட்டார்.

"இதுக்கு மஞ்சள் கிடையாது."

"மஞ்சள் போடாத கறியா?"

"சீனக்காரன்கிட்டப் போய்க் கேளுங்க."

அவள் முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள்.

சாப்பிட வந்த லோடுமேன் ஒருவர், அவள் கரண்டி பிடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன மாஸ்டர், மாமியாரை வேலைக்கு வச்சுட்டீங்க போல."

"மாமியார் ஆகிற வயசுதான்யா எனக்கு," என்றாள் ஒச்சம்மா. "பொண்ணு பாக்கிறதுக்குள்ள பையன் போயிட்டான். நீங்க தின்னுங்க, ஆறிரும்."

அவர் தலை நிமிராமல் தின்று முடித்தார்.

கூட்டம் குறைந்ததும் அவள் கேட்டாள்.

"அப்படி என்ன மாஸ்டர் இருக்கு இதுல, என் சோத்துல இல்லாதது?"

"கரண்டியை நிறுத்தாதீங்க. அடி பிடிக்குது."

படையலுக்கு முந்தின நாள், ஒரு தடவை போட்டுப் பார்க்க மாஸ்டரை வீட்டுக்கு அழைத்தாள். லைன் வீடு. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர்ச் சுவரில் விமல்ராஜ் படம். ஆறின சோறு தட்டில் இருந்தது. அவள் முழுவதையும் அள்ளப் போனாள். மாஸ்டர் தடுத்தார்.

"வீட்டு அடுப்புக்கு இவ்வளவு தாங்காது. சூடு இறங்கிரும். ஒரு ஆளுக்கு மட்டும் போடுங்க."

"ஒரு ஆளுக்குத்தான் போடணும்," என்றாள் அவள்.

இரும்பு வாணலி புகைந்தது. பூண்டு சிவந்தது. கேரட், பீன்ஸ், கோஸ். கோழி. பிறகு சோறு. சோயா சாஸை ஓரமாக விட்டாள். சோறு ஒட்டவில்லை. பருக்கை பருக்கையாகக் குதித்தது. வெங்காயத்தாளைத் தூவி இறக்கியபோது அறை முழுக்கப் புகையாக இருந்தது.

ஒச்சம்மா மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இந்த வாசனைதான் மாஸ்டர். சட்டையெல்லாம் இதோடதான் வருவான். அவன் தெருமுனையில வரும்போதே எனக்குத் தெரியும்."

மாஸ்டர் அடுப்பை அணைத்தார்.

"இன்னிக்காச்சும் சொல்லுங்க. நல்ல அரிசிதான் வாங்குவேன். பாத்துப் பாத்துத்தான் குழம்பு வைப்பேன். என் சோத்துல என்ன குறை?"

"உங்ககிட்ட என்ன வேலைன்னு சொல்லியிருந்தான்மா?"

"செக்கிங்னான். துணியில ஓட்டை இருக்கான்னு பாக்கிற வேலையாம். பொணமாக் கொண்டாந்தப்பத்தான தொட்டின்னு தெரியும்."

"தொட்டி நாத்தம் சோப்புக்குப் போகாதும்மா. அழுகின முட்டை கணக்கா உடம்புலயே நிக்கும். வேலை விட்டதும் நேரா வண்டிக்கு வருவான். புகை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா நிப்பான். பூண்டை இன்னும் கொஞ்சம் தீயவிடுங்க மாஸ்டர்ம்பான். கண்ணெல்லாம் எரியும், நகர மாட்டான். சட்டையை மோந்து பாப்பான். சரியாயிருச்சுன்னு தெரிஞ்சாத்தான் கிளம்புவான்."

ஒச்சம்மா கையில் கரண்டி இருந்தது.

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான். சொல்லல."

"தின்னானா?"

"வாங்குவான். பக்கத்துல நிக்கிறவனுக்குக் குடுத்துட்டுப் போயிருவான்."

"நல்லா இருக்குன்னு என்னைக்காச்சும் சொன்னானா?"

"இல்லம்மா. அந்தத் தொட்டியில பகல் பூரா நின்னவனுக்கு எந்தச் சோறும் உள்ள போகாது. என்னுதும் போகல. உங்களுதும் போகல."

அவள் தட்டைப் பார்த்தாள். மகன் படத்தைப் பார்த்தாள். பிறகு, பெற்ற பிள்ளையைப் பற்றி வேறொருவரிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப அவனுக்கு என்னதான் மாஸ்டர் பிடிக்கும்? நாளைக்கு நான் எதை வைக்கட்டும்?"

மாஸ்டர் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

"எதை வேணும்னாலும் வைங்கம்மா. ஏன் தின்னலைன்னு மட்டும் அவனைக் கேக்காதீங்க."