பள்ளத்தில் படுத்த வைத்தியர்

ஒரு காட்டில் மேடு ஒன்றும் பள்ளம் ஒன்றும் இருந்தன, பிள்ளைகளே. மாதம் ஒரு தேன்கூடு சிங்கராஜாவுக்குக் கொடுத்தால்தான் மேட்டில் குடியிருக்கலாம். தேனுக்கு வழியில்லாதவர்களுக்குப் பள்ளமே கதி.

மேட்டில் இருந்த கரடி வைத்தியருக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. வாரம் ஒருமுறை பள்ளத்தின் விளிம்பில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டே வைத்தியம் சொல்வார்.

"ஐயா, என் ஏழு குட்டிகளுக்கும் மறுபடி காய்ச்சல். கடைக்குட்டி கண்ணே திறக்கவில்லை" என்று அழுதாள் பெருச்சாளி.

"மேட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா? எல்லாம் உங்கள் சோம்பல்! விடிந்ததும் குளி. தேனில் சுக்கைக் குழைத்துக் கொடு. நல்ல காற்று வாங்கு" என்றார் கரடி.

பெருச்சாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பணிவாக, "நாங்கள் மரமண்டைகள், ஐயா. சொன்னால் ஏறாது. மூன்று நாள் இங்கே தங்கிச் செய்து காட்டுங்களேன்" என்றாள்.

"அதற்கென்ன!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெறுங்கையோடு இறங்கினார் கரடி.

முதல் நாள் குட்டையில் குளித்தார். உடம்பெல்லாம் அரித்தது. மறுநாள் நல்ல காற்று வாங்க மூச்சை இழுத்தார். வாய்க்குள் நாலு கொசு போயின. மூன்றாம் நாள் காய்ச்சலில் பல் தந்தியடித்தது.

"விடிந்ததும் குளித்தீர்களா, ஐயா? தேனும் சுக்கும் ஆயிற்றா?" என்று கேட்டாள் பெருச்சாளி.

"இந்தப் பள்ளத்தில் தேனுக்கு எங்கே போவது?" என்று கத்தினார் கரடி. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"குட்டை ஏன் இப்படி நாறுகிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"மேட்டார் உருட்டிவிடுவதெல்லாம் இதில்தான் ஊறுகிறது" என்று அழுகிய பலாச்சக்கை ஒன்றை வெளியே இழுத்துப் போட்டாள் பெருச்சாளி. அதில் ஓட்டைப்பல் கடித்த தடம் இருந்தது. அந்தக் காட்டில் ஓட்டைப்பல் கரடிக்கு மட்டும்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஏழு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு தாயோடு மேடேறினார்.

"தேன்கூடு எங்கே?" என்று மறித்தார் சிங்கராஜா.

"வழிவிடுங்கள் ராஜா! இல்லாவிட்டால் உங்கள் முகத்திலேயே தும்மிவிடுவேன்!"

ராஜா ஒரே தாவாகத் தாவி ஒதுங்கினார்.

அதன்பின் மேட்டிலிருந்து ஒரு சக்கைகூட உருளவில்லை. உருட்டியவர் வீட்டு வாசலில் கரடி தும்ம வந்துவிடுவாரே! குட்டை தெளிந்தது, பள்ளத்தில் காய்ச்சலும் குறைந்தது. மேட்டில் ஏழு குட்டிகளும் ஒரே வாரத்தில் எழுந்து ஓடி விளையாடின. வைத்தியர் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்கவில்லை.

நீதி: நோயாளியைக் குறை சொல்லுமுன், அவன் குடியிருக்கும் இடத்தைப் பார்.