அயினிப் பலகைக்கு ஒத்தடம்

வெட்டிப் போட்ட பிறகும் மரங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்து ஊரொன்றில் காளத்தி என்ற ஓடாவி படகு கட்டிப் பிழைத்து வந்தான். அவன் மனைவி நாச்சி. பலகையை வளைக்க அப்போது ஒரே வழிதான் தெரியும்: இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அழுத்துவது. சில பலகைகள் வளையும், பல உடையும்.

ஒருமுறை புயல் வந்து கரையிலிருந்த படகுகளை வாரிக்கொண்டு போனது. கடலுக்குப் போயிருந்த நாச்சியின் தம்பி செவ்வேல், தூரத்து மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தான். அவன் மூட்டிய புகை கரைக்குத் தெரிந்தது. அன்று இரவு பௌர்ணமிக் கடல் ஏறினால் திட்டு மூழ்கிவிடும்.

ஊரில் மிஞ்சியது காளத்தி கட்டிக்கொண்டிருந்த படகு மட்டும். அதன் முன்முனையில் ஒரு பலகை வளைந்து சேர்ந்தால் போதும். கையில் இருந்தவையோ இரண்டே அயினி மரப் பலகைகள். முதலாவதை அழுத்தியதும் அது அலறிப் பிளந்துபோனது. அதைப் பார்த்த மற்றது விறைத்துக்கொண்டது.

"என்னைத் தொடாதே. நானும் அப்படித்தான் சாவேன்."

காளத்தி கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலை ஓங்கினான். நாச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாங்க. அது பயந்து கிடக்குது."

"அங்கே உன் தம்பி கிடக்கிறான், நாச்சி!"

"எனக்குத் தெரியாதா?" அவள் கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவினாள். "உனக்கு எங்கே இறுகிப் பிடிச்சிருக்கு?"

"உடம்பு முழுக்க. காட்டில் நின்றபோது காற்றடித்தால் எப்படி ஆடுவேன் தெரியுமா? காயப் போட்டதிலிருந்து இந்த உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை."

நாச்சி எழுந்து போய், கஞ்சிக்குக் கொதித்துக்கொண்டிருந்த உலைநீரை இறக்கி வந்தாள். முந்தானையைக் கிழித்து நனைத்துப் பலகைக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"சுடுதா?"

"சுடுது. எடுத்துடாதே."

காளத்தி கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்புக்கு விறகு தள்ளப் போனான். பானை பானையாக வெந்நீர் வந்தது. அவள் கை கொப்பளித்தது. கடைசியில் பலகை பெருமூச்சு விட்டு, தானாகவே சாய்ந்து கொடுத்தது. இருவரும் அதை மெல்ல மெல்லப் படகின் வளைவோடு சேர்த்தார்கள்.

"விட்டுவிட்டால் பழையபடி நிமிர்ந்துவிடுவேனே?" என்றது பலகை.

"சூடு ஆறுற வரைக்கும் விடமாட்டேன்" என்று நாச்சி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆறியதும் காளத்தி கயிறு கோத்து அதைப் படகோடு சேர்த்துத் தைத்தான்.

அவர்கள் திட்டை நெருங்கியபோது தண்ணீர் செவ்வேலின் கழுத்தைத் தொட்டிருந்தது. நாச்சி முன்முனையிலிருந்து குனிந்து கையை நீட்டினாள், எட்டவில்லை.

"என்னைப் பிடிச்சுக்கோ, தம்பி" என்றது பலகை.

அவன் பிடித்து ஏறினான்.

ஓடாவிகள் பலகையை நனைத்துச் சூடு காட்டி வளைப்பதும், வளைந்த பிறகு ஆறும்வரை கட்டிப் பிடித்து வைத்திருப்பதும் அன்று முதல்தான்.