தானாட்டித் தொட்டிலில் தூங்கிப்போன தலைப்பாகை

முன்னொரு காலத்திலே நெடுங்கரை நாட்டைச் சுந்தரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுசன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் அப்படியே மயங்கிவிடுவார்.

அவருக்குப் பெண் பிறந்து நாலு மாசம். அந்தச் சமயம் பார்த்து, புதுச் சாமான்களுக்கு அதிகாரியான வித்தகராயர் கடல் கடந்து வந்த ஒரு மரத்தொட்டிலைச் சபையில் கொண்டுவந்து வைத்தார். சாவி கொடுத்தால் தானே ஆடும். கொஞ்ச நேரம் ஆடியதும் தலைமாட்டில் பச்சைக் கொடி ஒன்று ‘டக்’கென்று எழும்.

“கொடி எழும்பினால் குழந்தை தூங்கிவிட்டது என்று அர்த்தம், மகாராஜா! அது மூணு நாழிகை கழித்துத்தான் இறங்கும். அதுவரை யாரும் தூக்கக் கூடாது. ஒரு பூசணிக்காயை வைத்துச் சோதித்துவிட்டேன். ஒரு சிணுங்கல் இல்லை!”

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே சட்டம் போட்டார். நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் இனிமேல் தானாட்டித் தொட்டிலில்தான் தூங்க வேண்டும். கொடி இறங்கும்வரை பெற்றவள்கூடத் தூக்கக் கூடாது. சேலையில் கட்டுகிற தூளி ஆபத்து. காவலர் கண்டால் அவிழ்த்து எடுத்துக்கொள்வார்கள். மீறிக் கட்டினால் பிள்ளையை ஒரு மாசம் அரண்மனைத் தொட்டில் கூடத்தில் விட்டுவிட வேண்டும், தாய் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

சட்டம் வந்ததும் ஊரே மாறிப்போச்சு. எதிர்வீட்டில் வாங்கினார்கள் என்று இந்த வீட்டிலும் வாங்கினார்கள். பிள்ளை இல்லாத வீட்டில்கூட ஒன்றை வாங்கி, வருகிறவர் கண்ணில் படட்டும் என்று வாசலில் வைத்தார்கள். வாங்க முடியாத ஊர்களுக்குச் சாவடியில் பொதுத் தொட்டில் ஒன்று. அங்கே பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் கிடந்து கத்தும்.

மாடத்தி நடவு நடுகிறவள். கைப்பிள்ளைக்காரி. சாவடி ஒரு காத தூரம், பிள்ளைக்குப் பால் கொடுக்க யார் ஓடுவது? வாய்க்கால் பூவரசில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, ஒரு வரிசை நடுவாள், வந்து ஒரு ஆட்டு ஆட்டுவாள், திரும்ப இறங்குவாள். காவலர் பார்த்துவிட்டார்கள். சேற்றுக் காலோடு, பிள்ளையும் இடுப்புமாகச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

“சட்டம் தெரியுமா, தெரியாதா?” என்று அதட்டினார் வித்தகராயர்.

“தெரியுமுங்க.”

“தெரிந்தும் கட்டினாயா! மகாராஜா, பிள்ளையை வாங்கிக்கொள்ள உத்தரவு வேண்டும்.”

மாடத்தி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிறகு சபை நடுவில் இருந்த தானாட்டித் தொட்டிலைக் காட்டினாள். “மகாராசா, சட்டம்னா சட்டம்தான். நானே என் கையால இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போறேன். தலைமாடு மட்டும் கட்டாந்தரையாட்டம் இருக்கு. இந்த ஐயாவோட தலைப்பாகையைக் கொடுத்தா மெத்துன்னு வச்சுக்குவேன்.”

அந்தச் சபையில் தலைப்பாகை இல்லாமல் ராஜா முன்னால் நிற்கக் கூடாது. நின்றால் பதவி போச்சு. ராஜா சிரித்தார். “ஒரு நிமிசம்தானே, கொடும்!”

வித்தகராயர் பெருமையாகவே கழற்றிக் கொடுத்தார். மாடத்தி தலைப்பாகையைத் தொட்டிலில் வைத்தாள். சாவியைத் திருகினாள். பிள்ளையை மட்டும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். தொட்டில் ஆடியது, ஆடியது. ‘டக்’. கொடி எழுந்தது.

“அடடா, தூங்கிப்போச்சே!” என்றாள் மாடத்தி. “இனி மூணு நாழிகைக்குத் தொடக் கூடாதுல்ல?”

வித்தகராயர் கை தன்னாலே மொட்டைத் தலைக்குப் போனது. “ஏய், விளையாடாதே! எடு அதை!”

“ஐயோ, சட்டத்தை மீறச் சொல்றீங்களே ஐயா! ஏற்கெனவே ஒரு குத்தத்துக்குத்தான் நிக்கிறேன்.”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. “வித்தகராயரே, தலைப்பாகையை எழுப்ப வேண்டாம். நிமிசம் முடிந்தது. பதவி முத்திரையை வைத்துவிட்டு வெளியே போம்.”

“மகாராஜா! தலைப்பாகை எங்கேயாவது தூங்குமா?”

“கொடி சொல்லுதே ஐயா,” என்றாள் மாடத்தி.

“கொடிக்கு என்னடி தெரியும்! நூறு ஆட்டம் ஆடினால் எழும்பும், அவ்வளவுதான். உள்ளே பிள்ளை இருந்தாலும் ஒன்று, பூசணிக்காய் இருந்தாலும் ஒன்று!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிப்போச்சு. அந்த அமைதியில் அந்தப்புரத்திலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. தொட்டில் வந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம்தான். “கொடி எழுந்துவிட்டது மகாராஜா, தூக்கத்தில் சிணுங்குகிறது” என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

ராஜா ஓடினார். அங்கே தானாட்டித் தொட்டிலில் இளவரசி முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் ராணி, பால் கட்டி ரவிக்கை நனைந்து, காவலுக்குப் பயந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“தூக்கு, பிள்ளையைத் தூக்கு,” என்றார் ராஜா.

ராணி தன் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். பின்னாலேயே வந்திருந்த மாடத்திதான் உத்தரத்தில் தூளி கட்டிக்கொடுத்தாள். பால் குடித்த பிள்ளை நாலு ஆட்டிலே கண்ணை மூடியது.

ராஜா மாடத்தியைக் கும்பிட்டார். “அம்மா, என் பிள்ளை அழுவதை என் காதால் கேட்டும் நான் நம்பவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! தூளிக்கு இனி எந்தச் சட்டமும் இல்லை.”

“அப்படியும் சொல்லிடாதீங்க மகாராசா. முருங்கைக் கிளையில தூளி கட்டக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க. படக்குன்னு முறியும். போன வருசம் எங்க ஊர்ல ஒரு பிள்ளை விழுந்துச்சு.”

ராஜா அதை அப்படியே எழுதச் சொன்னார். இனிமேல் பிள்ளைகளைப் பற்றிய சட்டம் எதுவானாலும் பிள்ளை வளர்க்கிறவர்களைக் கேட்டபிறகுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். நாட்டிலிருந்த தானாட்டித் தொட்டில்களெல்லாம் சோளக்காட்டுக்குப் போயின. அவை போடுகிற கடகட சத்தத்துக்கு ஒரு கிளிகூட அண்டவில்லை. அந்த வருசம் சோளம் அமோகம். எதற்கும் ஒரு உபயோகம் இருக்கத்தான் செய்கிறது! சாவி கொடுக்கிற வேலை வித்தகராயருக்கு.

“உனக்கு என்ன வேண்டும், கேள்,” என்றார் ராஜா.

“எங்க தூளிச் சேலைங்களைக் கொடுத்துடுங்க. நடவு பாதியில நிக்குது.”

கோட்டைக் கிடங்கைத் திறந்தார்கள். உத்தரம் முட்டச் சேலைகள். எல்லாம் நைந்தவை, எல்லாவற்றிலும் பால் வாடை. ராணியே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வண்டியில் ஏற்றினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் வாய்க்கால் கரைப் பூவரசெல்லாம் தூளி. நெடுங்கரைப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே தூங்கட்டும், சாமி புண்ணியத்தில்.