தொட்ட குதிரை

நம்பலேன்னா போ சுகந்தி. வாத்தியார்னா வயசானவராத்தான் இருக்கணுமா? எங்க அண்ணன் வைத்தியலிங்கத்துக்கு அப்ப அறுபத்தொண்ணு. அவருக்குச் செஸ் சொல்லிக்குடுத்த எஸ்தருக்கு இருபத்தாறு. தாலுகா ஆபீஸையே நடுங்க வச்ச மனுஷன், அவளைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு.

ஒரு நாள் ரேபிட் செஸ் போட்டி, வேகமா ஆடி முடிக்கறது. ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான். கல்யாண மண்டபத்துல வச்சாங்க. அதே மண்டபத்துலதான் என் நாத்தனார் கல்யாணத்துல ரசம் பத்தாம சம்பந்தி வீட்டுக்காரங்க... சரி, அது வேற கதை.

அண்ணன் ஓப்பனிங்ல, அதான் ஆட்டத்தோட ஆரம்பத்துல, பன்னெண்டு மூவ் நெட்டுரு போட்டுட்டு வந்தாரு. கடைசி ஆட்டம். எதிர்ல ஆட்டோ ஓட்டற கபீர். அவரு அஞ்சாவது மூவ்லயே வழி மாறி பிஷப்பை அண்ணனோட குதிரைக்கு நேரா கொண்டாந்து நிறுத்திட்டாரு. இவரு பலகையப் பாத்தாத்தானே! நெட்டுரு போட்ட கை, குதிரையைத் தொட்டுருச்சு. அப்புறந்தான் பாக்கறாரு. குதிரை நகந்தா, பின்னாடி நிக்கற ராணி போச்சு.

தொட்ட காயை நகத்தணும். அதான் சட்டம். சும்மா நேரா வைக்கறதுன்னா முன்னாடியே 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டுத்தான் தொடணும். கபீர் நடுவரைக் கூப்ட்டாரு.

"தொட்டீங்களா சார்?"

"நேராத்தான் வச்சேன். 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டுத்தான் தொட்டேன்."

நடுவர் கபீரைப் பாத்தாரு.

"சார் பெரியவரு. சொல்லியிருப்பாரு. என் காதுலதான் விழல போல."

அண்ணன் ஜெயிச்சாரு. அஞ்சு மணிக்கு மேடையில கப்பு. ஆனா மனுஷனுக்குத் தலை நிமிரல. நான் டிபன் கேரியரோட பின்னாடியே போறேன், கண்டுக்கவே இல்ல. நேரா எஸ்தர்கிட்ட போனாரு. நடந்ததைச் சொல்லல.

"மேடம், ஓப்பனிங்ல எங்க தப்பு விட்டேன்?"

அவ ஆட்டத்தப்பவே ரெண்டு மேசை தள்ளி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. பந்தி மேசையில பலகையை வச்சு, குதிரையைத் தொட்டப்ப இருந்த மாதிரியே காயெல்லாம் அடுக்குனா.

"ஆடுங்க சார்."

"எதை?"

"தொட்டதை."

அண்ணனுக்குக் காது ரெண்டும் செவந்துபோச்சு. குதிரையை நகத்துனாரு. ராணி போச்சு. இன்னும் ஒரு ஏழெட்டு மூவ். ராஜாவைச் சாய்ச்சிட்டு, தோத்தவங்க குடுக்கற மாதிரி கையை நீட்டுனாரு.

எஸ்தர் அந்தக் கையை வாங்கல.

"எங்கிட்ட ஏன் சார் குடுக்கறீங்க? வாங்கவேண்டியவரு வாசல்ல ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணிக்கிட்டிருக்காரு."

அண்ணன் நீட்டுன கையை மடக்கல. அப்படியே வாசலப் பாத்து நடந்தாரு.

ஏ தனம், உள்ள என்னடி பண்றே, தூறல் போடுது பாரு. கொடியில கிடக்கற துணிய உள்ள எடுத்தாடி.